தீபாவளி அன்றைக்கு இல்லை, அடுத்த பதினைந்து நாளுக்குத் திட்டம் போடுங்கள்

கேள்வி: எனக்கு 41 வயது. உயரம் 158 செ.மீ. ஐந்து மாதத்தில் 78 கிலோவிலிருந்து 72.5 கிலோவுக்கு வந்திருக்கிறேன். ரத்தச் சர்க்கரையின் இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.0 என்று வந்தது. மாத்திரை எதுவும் எடுக்கவில்லை. தீபாவளிக்குத் திண்டுக்கல் பக்கம் மாமியார் வீட்டில் நான்கு நாள் தங்குவோம். போன வருஷமும் இதேபோல் குறைத்துக்கொண்டு வந்தேன். தீபாவளி முடிந்த பத்தாம் நாள் 3 கிலோ கூடியிருந்தது. வெறுத்துப்போய் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். இந்த வருஷம் முந்தின நாள் பட்டினி இருந்து சரிக்கட்டலாமா? சர்க்கரைக்குப் பதில் வெல்லம், கருப்பட்டி போட்டுச் செய்தால் பரவாயில்லையா? அத்தை ஆசையாகத் தட்டில் வைப்பதை எப்படி வேண்டாம் என்று சொல்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த 3 கிலோவிலிருந்தே தொடங்குகிறேன். போன வருஷம் உங்களை நிறுத்தியது அந்த எண்தான். இந்த வருஷமும் அதே எண் தராசில் வரலாம், அதனால் அது எங்கிருந்து வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர, செலவாவதற்கு மேல் சுமார் 7,700 கலோரி சாப்பிட வேண்டும். 3 கிலோ என்றால் 23,000. பத்து நாளில் அவ்வளவு சேர, தினமும் வயிறாரச் சாப்பிட்டதற்கு மேல் 13 லட்டு சாப்பிட்டிருக்க வேண்டும். நீங்கள் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள். அப்படியானால் தராசில் ஏறியது என்ன? பெரும்பகுதி தண்ணீர். சோற்றிலும் இனிப்பிலும் உள்ள மாவுச்சத்தில் ஒரு பங்கை உடம்பு கிளைகோஜனாக மாற்றி ஈரலிலும் தசையிலும் சேர்த்துவைக்கும். அளவாகச் சாப்பிடும் மாதங்களில் இந்தக் கையிருப்பு குறைந்தே இருக்கும். பண்டிகைச் சாப்பாடு வந்ததும் அது நிரம்பும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் 3 கிராம் தண்ணீரைக் கூடவே பிடித்துவைக்கும். 300 கிராம் சேர்ந்தால் தராசில் 1.2 கிலோ கூடுதலாகத் தெரியும். இதோடு மிக்சர், முறுக்கு, பிரியாணி, ஊறுகாயில் உள்ள உப்பு தேக்கிவைக்கும் நீர். ஊர்ப் பயணத்தில் இரண்டு நாள் மலம் சரியாகப் போகாதது வேறு. இவையெல்லாம் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிய நான்கைந்து நாளில் தானாக இறங்கிவிடும். போன வருஷம் உங்களுக்கு நிஜமாக ஏறிய கொழுப்பு ஒரு கிலோவுக்குள்தான் இருந்திருக்கும்.

அந்த ஒரு கிலோவையும் அலட்சியப்படுத்தச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 195 பேரைப் பின்தொடர்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், அங்குள்ள ஆண்டிறுதிப் பண்டிகைக் காலத்தில் ஒருவருக்குச் சராசரியாக ஏறியது 370 கிராம்தான். ஆனால் ஏறிய அந்தக் கொஞ்சம் அடுத்து வந்த மாதங்களில் இறங்கவே இல்லை. பண்டிகைதோறும் கால் கிலோ, அரை கிலோ என்று தங்கினால் பத்து வருஷத்தில் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கொழுப்பு பெரும்பாலும் தீபாவளி அன்று சேர்வதில்லை. நம் வீடுகளில் ஐப்பசியில் பலகாரம் சுடத் தொடங்கினால், முதல் ஈடு எடுத்த நாளிலிருந்து சம்படம் காலியாகும்வரை பதினைந்து, இருபது நாள். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு தட்டு, வேலை செய்யும் இடத்தில் ஒரு டப்பா, ஊரிலிருந்து திரும்பும்போது அத்தை கட்டிக் கொடுத்த இரண்டு பை. சாயங்காலம் டீ போட்டுவிட்டுச் சம்படத்தைத் திறந்து ஒரு கை மிக்சர், கூட ஒரு லட்டு. அந்த ஒரு கை மிக்சரை நிறுத்துப் பாருங்கள்: பெண்கள் கைக்கே 40 கிராம் வரும். அது 200 கலோரி. 40 கிராம் லட்டு 180. நாளைக்கு 380 என்றால் 14 நாளில் 5,320 கலோரி, அதாவது ஏறத்தாழ 700 கிராம் கொழுப்பு. யாரும் வயிறு புடைக்கச் சாப்பிட்டதாக நினைவே இருக்காது.

ஆகவே உங்கள் கவனத்தில் முக்கால் பங்கைச் சம்படத்துக்கு ஒதுக்குங்கள். தீபாவளி நாளுக்குக் கால் பங்கு போதும்.

ஊரில் இருக்கும் நான்கு நாளும் எடையைக் குறைக்க முயல வேண்டாம். ஏறாமல் இருந்தால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வயது, உயரம், எடைக்கு நாளொன்றுக்குச் செலவாவது சுமார் 1,850 கலோரி. இப்போது நீங்கள் 1,400 அளவில் சாப்பிடுகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டால், 450 கலோரி கூடுதலாகச் சாப்பிட இடம் இருக்கிறது. அதில் ஓர் இனிப்பு, ஒரு முறுக்கு, ஒரு சிறு கிண்ணம் பாயசம் அடங்கும். நான்கு நாள் குறையாமல் நின்றால் உங்கள் முயற்சி தள்ளிப்போவது நான்கே நாள்.

முந்தின நாள் பட்டினி வேண்டாம். முந்தின நாள் வெறும் வயிற்றோடு படுத்து, விடியற்காலை 4 மணிக்கு எழுந்து, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வரும்போது பசி கொதித்துக்கொண்டிருக்கும். எதிரே இருப்பது இனிப்புத் தட்டு. அரைத் தூக்கம் வேறு. தூக்கம் குறைந்தாலே பசி கூடும். அந்த நேரத்தில் யாராலும் ஒன்றோடு நிறுத்த முடியாது. முந்தின நாள் மூன்று வேளையும் சாப்பிடுங்கள். இரவுக்கு இரண்டு தோசையும் ஒரு கிண்ணம் சுண்டலும் நல்லது. (உங்களுக்கு மாத்திரை இல்லை. இதைப் படிப்பவர்களில் யாராவது இன்சுலினோ, கிளிமிப்ரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டிருந்தால் வேளை தவறவே கூடாது. சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும்.)

இனி தீபாவளி நாள். குளித்து வந்ததும் லேகியம். சுக்கு, திப்பிலி, ஓமம் எல்லாம் இருந்தாலும், அதைத் திரட்டி நிற்கவைப்பது வெல்லமும் நெய்யும் நல்லெண்ணெயும்தான். நெல்லிக்காய் அளவு உருட்டி எடுத்தால் போதும். அது செரிமானத்துக்கு இதமாக இருக்கும், கொழுப்பைக் கரைக்காது. கிண்ணத்தில் போட்டு வழித்துச் சாப்பிடுவது வேண்டாம். சாமி கும்பிட்டதும் இனிப்பு எடுத்தாக வேண்டும் என்பது வழக்கமானால் ஓர் ஓரம் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, மிச்சத்தை இட்லிக்குப் பிறகு என்று எடுத்து வையுங்கள். உங்கள் ஹெச்பிஏ1சி 6.0 சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, அதாவது 5.7 முதல் 6.4 வரை உள்ள வரம்பு. வெறும் வயிற்றில் போகும் லட்டு ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். அதே லட்டு கறியும் இட்லியும் உள்ளே போன பிறகு போனால் ஏற்றம் மெதுவாக இருக்கும்.

காலையில் இட்லியும் கறிக்குழம்பும் உங்கள் பக்கத்து வழக்கம். நல்ல சாப்பாடுதான். மூன்று இட்லி 180 கலோரி. குழம்பில்தான் கவனம் தேவை. சட்டியில் மேலே செக்கச்செவேல் என்று ஒரு விரல்கடை எண்ணெய் மிதக்கும். கரண்டியை அப்படியே விட்டு மொண்டால் வருவது அதுதான். கரண்டியின் அடிப்புறத்தால் எண்ணெயை ஓரமாக ஒதுக்கி, அடியிலிருந்து கறித்துண்டாகப் பார்த்து எடுங்கள். 15 மில்லி எண்ணெய் ஒதுங்கினால் ஏறத்தாழ 120 கலோரி மிச்சம், அதாவது இரண்டு இட்லி. கொழுப்பில்லாத துண்டு நான்கைந்து சாப்பிடுங்கள்; கறியின் புரதம் மதியம்வரை பசி தாங்கும். அதற்குப் பிறகு உங்கள் இனிப்பு. காபி சர்க்கரை இல்லாமல்.

காலை 9 முதல் 1 மணிவரைதான் நழுவும் நேரம். வந்து போகிறவர்களுக்குத் தட்டு வைப்பீர்கள், அவர்களோடு உட்கார்ந்து நீங்களும் ஒரு துண்டு உடைப்பீர்கள். உடைந்த முறுக்கு யார் கணக்கிலும் வராது. அந்த நேரத்தில் ஒரு டம்ளர் நீர்மோரைக் கையில் வைத்துக்கொண்டே பேசுங்கள். கை காலியாக இல்லாவிட்டால் எடுப்பதும் குறையும், எடுத்து நீட்டுவதும் குறையும்.

மதியம் பிரியாணியா, இலைச் சாப்பாடா, இரண்டில் ஒன்று. பிரியாணி என்றால் 250 கிராம், அதாவது தட்டில் குவிக்காமல் பரப்பிய ஒரு முறை. அது 400 முதல் 450 கலோரி வரும். கூடத் தயிர் வெங்காயம் இரண்டு பெரிய கரண்டி, கறித்துண்டு. பிரியாணிக்குப் பிறகு ‘வெள்ளைச் சோறும் ரசமும் கொஞ்சம்’ என்பது பழக்கம்தான். அந்தக் கொஞ்சம் ஒரு கிண்ணமானால் 200 கலோரி. ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடியுங்கள். இலைச் சாப்பாடு என்றால் பொரியல், கூட்டு, கறி மூன்றையும் முதலில் பாதியாவது சாப்பிட்டுவிட்டுச் சோற்றில் கை வையுங்கள். காயும் புரதமும் முதலில், சோறு பின்னால் என்கிற இந்த வரிசைக்கே சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை கணிசமாகக் குறையும். வடை, பாயசம் இரண்டும் இருந்தால் எது உங்களுக்கு உயிரோ அது மட்டும்.

பரிமாறுகிறவர் குனிந்து கரண்டி சாய்த்த பிறகு ‘போதும் போதும்’ என்பது பயன்படாது. அதற்குள் இலையில் விழுந்திருக்கும். அவர் பக்கத்து இலையில் இருக்கும்போதே கையால் மறைத்து, ‘எனக்குக் கூட்டு வைங்க’ என்று வேறொன்றைக் கேட்டுவிடுங்கள். கேட்டு வாங்குகிறவரை யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

சாப்பிட்டதும் படுக்காமல் 10, 15 நிமிஷம் தெருவில் நடந்துவிட்டு வாருங்கள். இது சர்க்கரைக்காக. தின்றதைக் கரைப்பதற்காக என்று நினைத்து நடக்க வேண்டாம்: உங்கள் எடைக்கு அரை மணி நடந்தால் 120 கலோரி, ஒரே ஒரு முள்ளுமுறுக்கு. அந்தக் கணக்கில் இறங்கினால் மனசு விட்டுப்போகும். சாயங்காலம் அந்த ஒரு முறுக்கும் டீயும். இரவு இரண்டு இட்லி, சாம்பார், அவ்வளவே.

வெல்லம், கருப்பட்டி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம், அதனால் ஒளிவில்லாமல் சொல்கிறேன். 100 கிராம் சர்க்கரையில் சுமார் 400 கலோரி, வெல்லத்தில் 380. கருப்பட்டியும் அதை ஒட்டியே. ரத்தச் சர்க்கரையை மூன்றுமே ஏற்றும். மணமும் ருசியும் பிடித்தால் வெல்லம் போடுங்கள். எடை குறையும் என்று போட வேண்டாம். கடைகளில் சர்க்கரை சேர்க்காத இனிப்பு என்று விற்பதில் கோவாவும் நெய்யும் முந்திரியும் அப்படியே இருக்கும். பேரீச்சை உருண்டை நல்லதுதான் என்றாலும் பேரீச்சம்பழத்தின் பெரும்பகுதி இயற்கையான சர்க்கரையே. இவற்றில் இருக்கும் ஆபத்து, ‘இது நமக்கு ஆகும்’ என்ற தைரியத்தில் நான்கு சாப்பிட்டுவிடுவது. நிஜமான நெய் மைசூர்பாகு 30 கிராம் துண்டு ஒன்று, 165 கலோரி. அதை உட்கார்ந்து, நாலு கடியாகக் கடித்து, ரசித்துச் சாப்பிடுவது எவ்வளவோ மேல்.

எந்த இனிப்பு என்பதைக் காலையிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அத்தை கையால் சுட்ட அதிரசம் வருஷத்துக்கு ஒருமுறைதான் கிடைக்கும். கடை டப்பாவில் வரும் பால் இனிப்பு எந்த வாரமும் கிடைக்கும். 40 கிராம் அதிரசம் 170 கலோரி. குலாப் ஜாமூன் ஒன்று, ஜீராவைப் பிழிந்துவிட்டால் 130, ஜீராவோடு 150. உணவில் சேர்க்கும் சர்க்கரையை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது மேலும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு லட்டிலேயே அதில் முக்கால் பங்கு போய்விடும். ஆகவே அன்றைக்குக் காபி, டீ, ஜூஸ் எதிலும் சர்க்கரை வேண்டாம்.

பலகாரம் சுடுவதில் நீங்களும் கை கொடுப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே ஒரு வேலை செய்யுங்கள். சட்டியில் ஊற்றும் எண்ணெயை அளந்து ஊற்றுங்கள். சுட்டு முடித்து ஆறியதும் மிஞ்சியதை மறுபடி அளந்து பாருங்கள். காணாமல் போன எண்ணெய் பலகாரத்துக்குள் இருக்கிறது. 300 மில்லி குறைந்திருந்தால் கிட்டத்தட்ட 2,450 கலோரி. இதைக் குறைக்க வழி உண்டு. எண்ணெய் சரியாகக் காயாமல் முறுக்கைப் பிழிந்தால் அது அடியிலேயே கிடந்து எண்ணெயைக் குடிக்கும். ஒரு சிட்டிகை மாவைக் கிள்ளிப் போட்டால் உடனே பொரிந்து மேலே வர வேண்டும், அப்போதுதான் பதம். அவசரத்தில் ஒரே ஈட்டில் எட்டு முறுக்கு பிழிந்தால் சூடு இறங்கி மறுபடியும் அதே கதை; நான்காகப் போடுங்கள். மாவில் வெண்ணெய் அதிகமானால் முறுக்கு உதிரும், எண்ணெயும் கூடுதலாக இழுக்கும். எடுத்ததும் ஜல்லிக்கரண்டியிலேயே சட்டிக்கு மேல் பத்து விநாடி பிடித்து வடியவிட்டு, பிறகு சல்லடைத் தட்டில் நிறுத்தி வையுங்கள். படுக்கவைத்துக் குவித்தால் அடியில் இருப்பது மேலே வடிவதைக் குடித்துக்கொண்டிருக்கும். உப்புக் காரம் பார்க்க முதல் ஈட்டில் ஒன்று. அதோடு சரி. சாப்பிட்டுவிட்டு அடுப்படிக்குப் போங்கள்; பசியோடு போனால் உப்புப் பார்ப்பதிலேயே ஐந்து போய்விடும்.

அத்தை விஷயம். இலையின் முன்னால் உட்கார்ந்துகொண்டு ‘நான் டயட்ல இருக்கேன்’ என்று சொல்வது அவர் பத்து நாள் அடுப்படியில் பட்ட பாட்டை மறுப்பதாக அவர் காதில் விழும். உடனே ‘இப்பவே மெலிஞ்சு போய்க் கிடக்க, இதுக்கு மேல என்ன’ என்று பேச்சு வளரும். போய்ச் சேர்ந்த அன்றே, அடுப்படியில் தனியாக இருக்கும்போது, உள்ளதைச் சொல்லிவிடுங்கள்: ‘அத்த, டெஸ்ட்ல சர்க்கரை வர்ற எல்லையில இருக்குன்னு சொல்லியிருக்காங்க. இப்ப கட்டுப்படுத்துனா மாத்திரை இல்லாம சமாளிச்சுரலாம். எனக்கு மட்டும் ஒவ்வொண்ணா வைங்க.’ இது பொய்யுமில்லை, சாக்குமில்லை; நம் வீடுகளில் சர்க்கரை என்ற சொல்லுக்கு இருக்கும் கனம் டயட் என்ற சொல்லுக்கு இல்லை. பெரும்பாலும் அன்றிலிருந்து மற்றவர்கள் வைக்க வருவதையும் அவரே தடுப்பார்.

தட்டில் இரண்டாவது வரும்போது: ‘அதிரசம் நல்ல பதமா வந்திருக்கு அத்த. ஒண்ணு சாப்பிட்டேன். இன்னொண்ண எடுத்து வைங்க, சாயங்காலம் டீக்குச் சாப்பிட்டுக்கிறேன்.’ அவருக்கு வேண்டியது நீங்கள் ஏற்றுக்கொள்வது. அது நடந்துவிட்டது. சாயங்காலம் வேண்டும் என்றால் முறுக்குக்குப் பதில் அதைச் சாப்பிடுங்கள்.

இப்போது சம்படம். ஊரிலிருந்து கிளம்பும்போது கட்டித் தருவதை வாங்கிக்கொள்ளுங்கள், அங்கே வழக்கு வேண்டாம். வீடு வந்த அன்று இரவே, பையை அவிழ்க்கும்போதே, மூன்றாகப் பிரியுங்கள். பால் இனிப்பும் நெய் இனிப்பும் முதல் பங்கு: மறுநாளே வேலை செய்யும் இடத்துக்கும் வாட்ச்மேனுக்கும் வீட்டு வேலைக்கு வருபவருக்கும். பால் இனிப்பு சீக்கிரம் கெட்டுப்போகும், ‘வீணாகுதே’ என்று நீங்கள் தின்றுதீர்ப்பதற்கு முன் அது வெளியேற வேண்டும். இரண்டாவது பங்கு பிள்ளைகளுக்கும் வீட்டுக்காரருக்கும்: எவர்சில்வர் சம்படத்தில், மேல் அலமாரியில், ஸ்டூல் போட்டு எடுக்கும் உயரத்தில். கண்ணாடி ஜாடி வேண்டாம், சாப்பாட்டு மேஜை வேண்டவே வேண்டாம். மூன்றாவது உங்கள் பங்கு: முறுக்கும் மிக்சரும் 30 கிராம் வீதம் சிறு பொட்டலமாக ஏழெட்டு. சமையலறைத் தராசு இல்லையென்றால் மிக்சர் மூன்று மேஜைக்கரண்டி அளவு போதும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு பொட்டலம், கிண்ணத்தில் கொட்டி, உட்கார்ந்து. சம்படத்தின் அடியில் தங்கும் நொறுங்கலை மட்டும் நின்றபடியே அள்ளி வாயில் போடாதீர்கள். கடலையும் எண்ணெயும் உப்பும் அங்கேதான் இறங்கிக் கிடக்கும்.

ஊரிலிருந்து வந்த மறுநாள் முதல் பழைய சாப்பாடு, அதே அளவு. கஞ்சி மட்டும், ஜூஸ் மட்டும் என்று தண்டனை எதுவும் வேண்டாம். அது மூன்றாம் நாள் சம்படத்தில் கொண்டுபோய் விடும். ஒரு வேளை தவறி நான்கு இனிப்பு சாப்பிட்டிருந்தாலும் அடுத்த வேளை வழக்கமான வேளைதான். தண்ணீர் நன்றாகக் குடியுங்கள், ஒரு வாரத்துக்கு ஊறுகாய், அப்பளத்தைத் தள்ளி வையுங்கள், காயும் கீரையும் கூடுதலாக வரட்டும்.

தராசில் முதல் நான்கு நாள் ஏறவே வேண்டாம். ஐந்தாம் நாள் காலை, கழிப்பறை போய் வந்து, எதுவும் குடிப்பதற்கு முன் ஏறுங்கள். மாதவிலக்கு நெருங்கும் வாரமாக இருந்தால் இன்னும் ஐந்து நாள் தள்ளிப் பாருங்கள், அப்போதும் உடம்பில் நீர் தங்கும். 73.5க்குள் இருந்தால் எதையும் மாற்ற வேண்டாம், அப்படியே தொடருங்கள். 73.5ஐத் தாண்டியிருந்தால், இன்னும் எத்தனை பொட்டலம் மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து அவற்றை அன்றே வெளியே கொடுத்துவிட்டு, அடுத்த ஐந்தாம் நாள் மறுபடி ஏறிப் பாருங்கள். ஹெச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சராசரி என்பதால் அதைத் தீபாவளிக்கு மறுவாரமே பார்த்துப் பயப்பட வேண்டாம்; தை பிறந்த பிறகு, பொங்கல் முடிந்து ஒரு வாரம் கழித்து எடுத்துவிட்டு, அந்த எண்ணையும் எடையையும் எழுதி அனுப்புங்கள்.